எடையைக் குறைத்த பிறகுதான் சிகிச்சையா?

உடல் பருமனுள்ள பெண்களின் கருத்தரிப்புச் சிக்கல்களும் ஹார்மோன் மருத்துவமும்

விளக்கணைத்த ஸ்கேன் அறையின் திரையில் சினைப்பை ஒரு சாம்பல் நிற நீள்வட்டமாகத் தெரிகிறது. அதன் விளிம்பை ஒட்டிச் சிறுசிறு கறுப்பு வட்டங்கள், கோத்து வைத்த மணிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை விட்டமுடையது. ஒரே சினைப்பையில் இத்தகைய வட்டங்கள் 20 அல்லது அதற்கு மேல் எண்ணப்பட்டால், அறிக்கையில் ‘பிசிஓடி’ அல்லது ‘பிசிஓஎஸ்’ என்று எழுதப்படுகிறது. வீட்டில் அது ‘நீர்க்கட்டி’ என்று பெயர் பெறுகிறது. கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அதைக் கரைக்க வேண்டும், எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் பிறக்கிறது. ‘கட்டியைக் கரைக்கும்’ மருந்துகளின் விளம்பரங்கள் அந்தப் பதற்றத்தையே நம்பி நிற்கின்றன.

உண்மையில் அவை கட்டிகளே அல்ல. ஃபாலிக்கிள் எனப்படும் முட்டைப்பைகள் அவை. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கருமுட்டை இருக்கிறது. இயல்பான மாதச் சுழற்சியில் அவற்றுள் ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியேற்றும். திரையில் காணப்படுபவை அந்தப் பயணத்தின் நடுவில் நின்றுபோனவை. ஆகவே கேட்கப்பட வேண்டியது, அவற்றை எப்படிக் கரைப்பது என்பதன்று. அவை ஏன் நின்றன, மீண்டும் நகர்த்த என்ன செய்ய வேண்டும் என்பதே. உடல் பருமனுள்ள பெண்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு மருத்துவமனைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்’ என்பதாகும். அந்தப் பதிலில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது, எவ்வளவு வெறும் ஒத்திவைப்பு இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு ஆய்வுகள் இன்று வந்துவிட்டன.

கொழுப்பும் ஒரு சுரப்பியே

1935ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவந்தால் ஆகிய இரு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்றுபோய், சினைப்பைகள் பெருத்திருந்த 7 பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தபோது எல்லோருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். கோளாறு சினைப்பையில்தான் இருக்கிறது என்ற கருத்து அதன்பின் நெடுங்காலம் நிலைத்தது. 1980ஆம் ஆண்டில்தான், பிசிஓஎஸ் என்று இன்று அறியப்படும் இந்நிலையிலுள்ள பெண்களின் குருதியில் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களோடு இன்சுலினும் மிகுந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அதுமுதல் இச்சிக்கல் சினைப்பையை விட்டு உடல் முழுவதற்கும் உரியதாயிற்று.

உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்துவது இன்சுலினின் வேலை. தசையும் கல்லீரலும் அதன் கட்டளைக்குச் சரிவரச் செவிசாய்க்காத நிலையை இன்சுலின் எதிர்ப்புநிலை என்பர். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இந்நிலையைத் தீவிரப்படுத்துகிறது. கட்டளை எடுபடாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசை செவிசாய்க்காவிட்டாலும் சினைப்பை செவிசாய்ப்பதுதான் இங்கு நேரும் விபரீதம்: மிகுதியான இன்சுலின், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்ஹெச் என்ற ஹார்மோனோடு சேர்ந்து, சினைப்பையை அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. அதே இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து அடக்கி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதையும் குறைத்துவிடுவதால், குருதியில் கட்டற்று உலவும் டெஸ்டோஸ்டிரோனின் அளவு உயர்கிறது. முட்டைப்பைகள் பாதிவழியில் நிற்பதற்கும், முகத்தில் முடி அரும்புவதற்கும், பருக்கள் விடாமல் வருவதற்கும் இதுவே காரணம். கழுத்தின் பின்புறத்தில் தோல் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் கழுவும் இளம்பெண்களில் பலருக்கு அது இன்சுலின் எதிர்ப்புநிலையின் வெளிப்பாடு.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கும் அன்று. அதில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் மாதம் முழுவதும் ஏற்ற இறக்கமின்றி ஊறிக்கொண்டிருப்பதால், முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை வேண்டிய நாளில் வேண்டிய அளவுக்குச் சுரக்கவேண்டும் என்ற குறிப்பு மூளைக்குக் கிட்டுவதில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டினும் கொழுப்புத் திசுவிலிருந்தே வருகிறது. உடலில் எவ்வளவு எரிசத்து சேர்ந்திருக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஹார்மோன் அது. நீர்க்கட்டி இல்லாத பருமனான பெண்களிடமும் கருத்தரிப்புக் குறைவு காணப்படுவதற்கு, பிட்யூட்டரியிலிருந்து எழும் எல்ஹெச் துடிப்புகள் அவர்களிடம் வலுவிழந்திருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதில் எது முதலில் வந்தது என்று கேட்டால் விடை எளிதன்று. எடை கூடினால் இன்சுலின் கூடுகிறது. இன்சுலின் கூடினால் ஆண்ட்ரோஜன் கூடுகிறது. அந்த மாற்றங்களோ எடை மேலும் ஏறுவதற்கு வழிசெய்கின்றன. மெலிந்த பெண்களிலும் இந்நோய் உண்டு என்பதால், பருமனே இதன் வேர் என்று சொல்வது சரியாகாது. பருமன் அதற்கு நெய் வார்க்கிறது என்று சொல்வதே பொருந்தும். சாப்பாட்டு ஆசையால் வந்த வினை என்று ஒரு பெண்ணைக் குறைகூறுவதற்கு உடலியலில் இடமில்லை.

‖ பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது ‖
தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். தமிழ்நாட்டில் அந்த அளவு 40.4 விழுக்காடு. நான்காம் சுற்றில் தமிழ்நாட்டின் அளவு 30.9ஆக இருந்தது.
கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். உலக அளவில் 30ஐத் தொட்டால் பருமன் என்பர். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வருவதால், இங்கு 23 முதல் மிகை எடை என்றும் 25 முதல் பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. பெண்களின் இடுப்புச் சுற்றளவுக்கான எச்சரிக்கைக் கோடு 80 சென்டிமீட்டர்.
கருத்தரிக்கும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிசிஓஎஸ் இருக்கிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை நோய் கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

மாதவிலக்கை வரவழைப்பது வேறு, முட்டையை வரவழைப்பது வேறு

நாள் தள்ளிப்போகும் பெண்ணுக்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் ‘பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரை’. அது புரோஜெஸ்டோஜன் வகையைச் சேர்ந்தது. முட்டை வெளியேறிய பிறகு சினைப்பை இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையைச் சில நாட்களுக்கு அது செய்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் கருப்பையின் உட்சவ்வு உதிர்ந்து குருதியாக வெளியேறுகிறது. மாத்திரை போட்டதும் மாதவிலக்கு வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று பல குடும்பங்கள் நம்பிவிடுகின்றன. அந்த மாதத்தில் ஒரு முட்டைகூட வெளியேறியிருக்காது. குழந்தைக்கான வாய்ப்பும் இருந்திருக்காது. ஓராண்டு முழுவதும் மாதாமாதம் இம்மாத்திரையை மட்டுமே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சிகிச்சை பலிக்கவில்லை என்று மனமுடைந்து போகும் பெண்கள் உண்டு. பலிக்காதது சிகிச்சையன்று, அவர்கள் கேட்ட சிகிச்சை தொடங்கவே இல்லை.

அதற்காக அம்மாத்திரை வீணானது என்று கொள்ளலாகாது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் அத்தடிப்பைக் கட்டுப்படுத்துகிறது. முட்டை வெளியேறாத பெண்ணிடம் இரண்டாவது ஹார்மோன் சுரப்பதே இல்லை. முதலாவதோ கொழுப்புத் திசுவிலிருந்தும் சேர்ந்து வருகிறது. மாதக்கணக்கில் உதிராமல் தடித்துக்கொண்டே போகும் உட்சவ்வு, காலப்போக்கில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை அடையக்கூடும். பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 6 மடங்கு கூடுதல் என்று 2018ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி நெறிமுறை கணக்கிட்டது. மொத்தத்தில் அது அரிய நோயே என்றாலும், மாதவிலக்கு முற்றாக நிற்கும் வயதுக்கு முன்பே வரக்கூடியது என்பதையும் அது சேர்த்தே சொன்னது. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் உட்சவ்வு உதிர வேண்டும். ‘நாள் வராவிட்டால் நிம்மதி’ என்றிருக்கும் திருமணமாகாத பெண்களும், குழந்தை பெற்று முடித்தவர்களும் கவனிக்காமல் விடுவது இந்த ஆபத்தைத்தான்.

உடனடியாகக் குழந்தை வேண்டாதவர்களுக்கு இரண்டு ஹார்மோன்களும் கலந்த கருத்தடை மாத்திரை தரப்படுகிறது. அது உட்சவ்வைக் காப்பதோடு, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனைப் பிணைக்கும் புரதத்தை உயர்த்திப் பருவையும் முடியையும் குறைக்கிறது. ஆனால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், காலின் ஆழ்நாளங்களில் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பருமனும் அதையே கூட்டுகிறது. இரண்டும் ஒரே உடலில் சேரும்போது, புகைப்பழக்கம், உயர் குருதியழுத்தம், குடும்பத்தில் எவருக்கேனும் குருதி உறைந்த வரலாறு ஆகியவற்றை விசாரிக்காமல் மருந்துக்கடையில் அதைக் கேட்டு வாங்குவது ஆபத்தானது. இத்தகைய பெண்களுக்குக் கருப்பைக்குள் பொருத்தப்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் நல்ல மாற்று: மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே நின்று உட்சவ்வை மெலிய வைக்கிறது. ‘லூப்’ என்றதும் அதிக இரத்தப்போக்கை நினைக்கும் அச்சம் செப்புக் கம்பி சுற்றிய பழைய சாதனத்தின் அனுபவத்திலிருந்து வந்தது; இதன் விளைவு அதற்கு நேர்மாறானது.

தடைசெய்யப்பட்டுத் திரும்பி வந்த மாத்திரை

குழந்தை வேண்டுமெனில் நின்றுபோன முட்டைப்பையை நகர்த்தியாக வேண்டும். 1961இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டு, 1967இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளோமிஃபீன், அரை நூற்றாண்டுக் காலம் இதற்கான முதல் மருந்தாக இருந்தது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஈஸ்ட்ரோஜனின் அளவை எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறது. குளோமிஃபீன் அங்கு ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ள, ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை எண்ணிப் பிட்யூட்டரியை முடுக்குகிறது, எஃப்எஸ்ஹெச் பெருகுகிறது, முட்டைப்பை வளர்கிறது. ஆனால் இம்மருந்து உடலில் நெடுநாள் தங்கிக் கருப்பையின் உட்சவ்விலும் ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பதால், முட்டை வந்தும் கரு பதியப் பஞ்சணை இல்லாமல் போவதுண்டு. எடை மிகுந்த பெண்களில் இதன் பலன் இன்னும் குறைகிறது.

மார்பகப் புற்றுநோய்க்காக உருவான லெட்ரோசோல் வேறு வழியில் அதே இலக்கை அடைகிறது. முன்னர்க் கூறிய அரோமடேஸ் நொதியையே அது முடக்குகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி சில நாட்களுக்குத் தாழ்கிறது. மூளை உண்மையான தட்டுப்பாட்டை உணர்ந்து எஃப்எஸ்ஹெச்சை அனுப்புகிறது. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் நிறைந்திருக்கும் உடலில் இந்த உத்தி எடுபடுவது வியப்பன்று. உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுவதால் உட்சவ்வை இது கெடுப்பதில்லை. கனடாவின் முகமது மித்வாலி, ராபர்ட் காஸ்பர் ஆகியோர் 2001இல் இப்பயன்பாட்டை முதலில் அறிவித்தார்கள்.

அதன்பின் நடந்தவை, மருந்துகளைப் பற்றிய அச்சம் எவ்வளவு விரைவாகப் பரவி, எவ்வளவு மெதுவாக விலகுகிறது என்பதைக் காட்டுகின்றன. 2005ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில், லெட்ரோசோலுக்குப் பின் பிறந்த ஏறத்தாழ 150 குழந்தைகளை மட்டும் வைத்துப் பிறவிக் குறைபாடுகள் பற்றிய ஐயம் எழுப்பப்பட்டது. மறு ஆண்டே, 911 குழந்தைகளை ஒப்பிட்ட கனடிய ஆய்வு, லெட்ரோசோல் குழந்தைகளில் 2.4 விழுக்காட்டினருக்கும் குளோமிஃபீன் குழந்தைகளில் 4.8 விழுக்காட்டினருக்கும் குறைபாடு இருந்ததாகக் கூறி அந்த ஐயத்தை மறுத்தது. ஆயினும் 2011இல் இந்திய அரசு கருத்தரிப்புச் சிகிச்சையில் லெட்ரோசோலைத் தடைசெய்தது. தடை விலக 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. தடை நடப்பிலிருந்த அந்த இடைவெளியில்தான், 2014இல், ரிச்சர்ட் லெக்ரோ தலைமையிலான அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்களின் சராசரி உடல் நிறை எண் 35. லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 விழுக்காட்டினரும், குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். எடை மிகுந்தவர்களிடமே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அதாவது, எந்த மருந்து பருமனுள்ள பெண்ணுக்குக் கூடுதலாகப் பயன்படுமோ அதுவே, நாட்டில் அப்பெண்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், சட்டப்படி அவர்களுக்கு எட்டாமல் இருந்தது. இன்று பன்னாட்டு நெறிமுறைகள் லெட்ரோசோலையே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கின்றன.

நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் ஹார்மோன் அன்று. இன்சுலின் எதிர்ப்புநிலையைத் தளர்த்துவதால் இச்சிகிச்சையில் அது இடம்பெறுகிறது. ஆனால் 626 பெண்கள் பங்கேற்ற 2007ஆம் ஆண்டின் ஆய்வில், குளோமிஃபீன் பெற்றவர்களில் 22.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றபோது, மெட்ஃபார்மின் மட்டும் பெற்றவர்களில் 7.2 விழுக்காட்டினரே பெற்றனர். சர்க்கரைக்கு அது நல்ல துணை. குழந்தைக்கு அதை மட்டும் நம்பியிருப்பது காலத்தை இழப்பதாகும்.

‖ பெட்டிச் செய்தி: ஒரு சுழற்சியின் நாட்காட்டி ‖
மாதவிலக்கு தானாக வந்தபின், அல்லது மாத்திரையால் வரவழைத்தபின், இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் லெட்ரோசோல் தொடங்கி 5 நாட்கள் தரப்படுகிறது. அதன்பின் சில நாட்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து முட்டைப்பையின் வளர்ச்சி அளக்கப்படுகிறது. ‘ஃபாலிக்குலர் ஸ்டடி’ என்று மையங்களில் சொல்லப்படுவது இதுவே. 18 மில்லிமீட்டரை ஒட்டி வளர்ந்ததும், ‘முட்டை வெடிக்கும் ஊசி’ என்று பேச்சு வழக்கில் அறியப்படும் ஹெச்சிஜி ஊசி போடப்படலாம். முட்டை ஏறத்தாழ 36 மணி நேரத்தில் வெளியேறும். ஒரு வாரம் கழித்துக் குருதியில் புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருந்தால், முட்டை வெளியேறியது உறுதியாகும்.
இவை எல்லாவற்றுக்கும் முன்னர் கணவரின் விந்தணுப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கான குருதிப் பரிசோதனைகளும் தேவை.

பெட்டியில் சொன்ன விந்தணுப் பரிசோதனைக்குச் சற்று அழுத்தம் தேவைப்படுகிறது. பருமன் ஆணின் டெஸ்டோஸ்டிரோனையும் அதே அரோமடேஸ் வழியாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றி, விந்தணு உற்பத்தியைத் தளர்த்துகிறது. ஆயினும் மனைவிக்கு ஆறு மாத மாத்திரைகளும் பத்துப் பதினைந்து ஸ்கேன்களும் முடிந்த பிறகுதான் கணவரின் பரிசோதனை நடக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சில நூறு ரூபாயில் ஒரே காலையில் முடியும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதன் விலையைப் பெண்ணின் உடல் செலுத்துகிறது.

ஊசியின் அளவும் அபாயமும்

மாத்திரைக்கு முட்டைப்பை இசையாதபோது எஃப்எஸ்ஹெச் ஹார்மோனையே ஊசியாகச் செலுத்துகிறார்கள். இதன் வரலாறு விந்தையானது: மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதியாக வெளியேறுவதால், இத்தாலியில் கன்னிமடங்களில் வாழ்ந்த முதிய துறவியரின் சிறுநீரிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது, அம்மருந்தைக் கொண்டு புருனோ லுனன்ஃபெல்ட் அளித்த சிகிச்சையின் பயனாக 1962இல் முதல் குழந்தை பிறந்தது. இன்று ஆய்வகத்தில் செல்களைக் கொண்டே தூய வடிவில் அது உருவாக்கப்படுகிறது.

பருமனுள்ள பெண்ணுக்கு ஊசியின் அளவை முடிவுசெய்வது கத்திமேல் நடப்பது போன்றது. உடல் பெரிதாக இருப்பதால் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆனால் சினைப்பையில் காத்து நிற்கும் முட்டைப்பைகள் இருபதுக்கும் மேல் இருப்பதால், அளவு சற்று மிகுந்துவிட்டால் அவை ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. அப்போது வயிற்றிலும் சில வேளைகளில் நெஞ்சறையிலும் நீர் கோத்து, குருதி கெட்டியாகி, மூச்சுத் திணறும் நிலைக்குச் சினைப்பை மிகைத்தூண்டல் நோய்க்குறி என்று பெயர். அரிதாக அது உயிருக்கும் உலை வைக்கும். எனவே நாளொன்றுக்கு 37.5 முதல் 75 அலகு வரையிலான சிறிய அளவில் தொடங்கி, ஸ்கேன் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக உயர்த்துவதே முறை. அவசரப்படும் குடும்பத்துக்கு இது மந்தமாகத் தோன்றினாலும், இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஐவிஎஃப் எனப்படும் சோதனைக் குழாய் முறையில் இந்த அபாயத்தைக் குறைக்கச் சென்ற பதினைந்து இருபது ஆண்டுகளில் நல்ல வழிகள் பிறந்துள்ளன. முட்டையை முதிரச் செய்ய ஹெச்சிஜிக்குப் பதிலாக வேறொரு ஹார்மோன் ஊசியைப் பயன்படுத்துவது அவற்றுள் ஒன்று. உருவான கருக்களை உடனே கருப்பையில் வைக்காமல் உறையவைத்து, உடல் அமைதியடைந்த பின் வைப்பது மற்றொன்று. பிசிஓஎஸ் உள்ள 1508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உறைநிலைக் கருவை வைத்தவர்களில் 49.3 விழுக்காட்டினரும் உடனே வைத்தவர்களில் 42 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர், மிகைத்தூண்டல் 7.1 விழுக்காட்டிலிருந்து 1.3ஆகக் குறைந்தது. உறையவைப்பது செலவைக் கூட்டும் தந்திரம் என்று ஐயுறும் தம்பதிகள் இந்த எண்களை அறிந்திருப்பது நல்லது.

காத்திருப்பின் கணக்கு

உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிலக்கு சீராகிறது, முட்டை தானாகவே வெளியேறத் தொடங்குகிறது என்பது உண்மை. 90 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 4.5 முதல் 9 கிலோ. எட்ட முடியாத இலக்கன்று. இதனால் எடைக் குறைப்பை முதல் படியாகச் சொல்வதில் தவறில்லை. தவறு எங்கே தொடங்குகிறதென்றால், அது சிகிச்சையின் வாயிலில் நிற்கும் காவலாக மாறும்போதுதான்.

நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. உடல் நிறை எண் 29 அல்லது அதற்கு மேலிருந்த இப்பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆறு மாத உணவு, உடற்பயிற்சித் திட்டம் முடிந்த பின் கருத்தரிப்புச் சிகிச்சை தரப்பட்டது. மறுபாதியினருக்கு உடனே தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள், நிறைமாதத்தில், இயல்பான பிரசவத்தில், நலமுள்ள ஒற்றைக் குழந்தையைப் பெற்றவர்கள் முதல் பிரிவில் 27.1 விழுக்காடு, காத்திருக்காத பிரிவில் 35.2 விழுக்காடு. எடை குறைத்தவர்களில் சிகிச்சையின்றித் தாமாகவே கருவுற்றவர்கள் கூடுதல் என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது. அது ஊசிகளையும் செலவையும் தவிர்க்கும் பெரும் பயன். ஆனால் காத்திருந்தால் குழந்தை உறுதி என்ற வாக்குறுதியை அந்த எண்கள் தரவில்லை. காரணம் விளங்காத குழந்தையின்மையும் பருமனும் உள்ள 379 அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும், 16 வார காலம் தீவிரமாக எடை குறைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குழந்தை பெறவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் எடையைக் குறைக்கவே வேண்டாம் என்பதற்கான சான்றாகக் கொள்வது பெரும் பிழை. கருவுற்ற பின் வரும் நீரிழிவு, குருதியழுத்தம், அறுவைப் பிரசவம், குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாடு ஆகிய எல்லாமே தாயின் எடையோடு ஏறுகின்றன. 26 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் ஒதுக்கி எடை குறைக்கச் சொல்வது அறிவுடைமை. 36 வயதுப் பெண்ணிடம் அதையே சொல்லி, அவரால் முடியவில்லையெனில் மேலும் ஆறு மாதம் என்று தள்ளுவது, அவரது கையிலிருக்கும் மிகக் குறுகிய வளத்தைச் செலவழிப்பதாகும். ஏனெனில் எடை திரும்பவும் குறையலாம், கடந்துபோன வயது குறையாது. உடல் நிறை எண்ணைக் கேட்பதற்கு முன் வயதைக் கேட்கும் மருத்துவரே இச்சிக்கலைச் சரியாக அணுகுகிறார். உணவு முறையை மாற்றுவதும் லெட்ரோசோலைத் தொடங்குவதும் ஒரே வாரத்தில் நடக்கக் கூடாதவை அல்ல.

மிகக் கூடுதலான பருமனில் எடையைக் குறைக்கும் வயிற்று அறுவை சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையைப் போலவே செயல்படுகிறது. உடல் நிறை எண் 35 அல்லது அதற்கு மேலிருந்த 80 பிரிட்டிஷ் பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு 52 வாரங்களில் இடைநிலையாக 6 முறையும், அறுவையின்றிப் பிற சிகிச்சை பெற்றவர்களுக்கு 2 முறையும் முட்டை வெளியேறியது. ஆனால் அறுவைக்குப் பின் எடை வேகமாகக் குறையும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறுதலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சத்துக் குறைவு கருவைத் தாக்கும் என்பதே காரணம். அங்கும் வயதின் கணக்கே முன்னால் வந்து நிற்கிறது.

வாராந்தர ஊசியும் எதிர்பாராத கருவும்

இந்தக் கணக்கை மாற்றியமைக்கக்கூடிய புதிய வரவு, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும் வாராந்தர ஊசிகள். டிர்செபடைடு அடங்கிய ‘மவுஞ்சாரோ’ 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடு அடங்கிய ‘வீகோவி’ அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியைத் தணித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி இவை செயல்படுகின்றன. பெரிய ஆய்வுகளில் செமாக்ளுடைடு ஏறத்தாழ 15 விழுக்காடும், டிர்செபடைடு அதிக அளவில் 20 விழுக்காட்டுக்கு மேலும் எடையைக் குறைத்தன.

எடை குறைந்ததும் இன்சுலின் தாழ்ந்து, ஆண்டுக்கணக்கில் உறங்கிய சினைப்பை விழித்துக்கொள்ளலாம். தனக்குக் குழந்தையே பிறக்காது என்று நம்பிக் கருத்தடையைப் பற்றி எண்ணாத பெண், எடைக்காக ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கருவுறுவதற்கு இதுவே வழிவகுக்கிறது. கருவளர்ச்சியின்போது இம்மருந்துகள் பாதுகாப்பானவை என்று நிறுவப்படவில்லை. விலங்குகளில் கருவுக்குத் தீங்கு காணப்பட்டதால், கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே செமாக்ளுடைடை நிறுத்த வேண்டும் என்று மருந்துக் குறிப்பே கூறுகிறது. டிர்செபடைடு, வாய்வழிக் கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதைக் குறைப்பதால், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரங்களுக்கு வேறு கருத்தடை முறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடைக்கு ஊசி எழுதித் தரும் மருத்துவரும் குழந்தைக்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது, இந்த இரண்டு செய்திகளும் பெண்ணின் காதை எட்டாமலே போய்விடுவது எளிது. இதைச் சொல்லாமல் ஊசியை மட்டும் தருவது பொறுப்பற்ற செயல்.

கரு தங்கிய பிறகு

பரிசோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்ததும் ஹார்மோன் சிகிச்சை வென்றுவிட்டதாகக் கொண்டாடப்படுகிறது. இன்சுலின் எதிர்ப்புநிலையோ கர்ப்பம் வளர வளர மேலும் கூடுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால், இதுவரை தாக்குப்பிடித்த கணையம் இப்போது தடுமாறக்கூடும். இவ்விடத்தில் தமிழ்நாடு முன்னோடியாக நிற்கிறது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யாவின் முயற்சியால் பரவிய எளிய முறையில், கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிற்றோடு வந்திருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கப்படுகிறது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யப்பட வேண்டும் என்று 2007இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. நாடு தழுவிய நெறிமுறை அதன் பின்னரே வந்தது. ஹார்மோன் சிகிச்சையில் கருவுற்ற பருமனுள்ள பெண் இச்சோதனைக்கு 24ஆம் வாரம் வரை காத்திருக்கலாகாது. முதல் வருகையிலேயே செய்துகொண்டு, இயல்பாக இருந்தாலும் 24ஆம் வாரத்துக்கு மேல் மீண்டும் செய்துகொள்ள வேண்டும். ஃபோலிக் அமிலம் கருவுறுவதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியது; நரம்புக்குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பு எடையோடு கூடுவதால், அதன் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து அதே 75 கிராம் சோதனை மீண்டும் ஒருமுறை தேவைப்படுகிறது. தடுப்பூசி அட்டையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், தனது சர்க்கரையையும் பார்க்க வேண்டும் என்பதை அப்போது எவரும் நினைவூட்டாவிட்டால் அது விடுபட்டுப் போகிறது. பாலூட்டும் மாதங்களில் மாதவிலக்கு வராதது இயல்பு. பாலூட்டுவது குறைந்த பின்னும் வராமலிருந்தால், பழைய சுழல் திரும்பியிருக்கக்கூடும். அடுத்த குழந்தை வேண்டும்வரை, அல்லது வேண்டாமென்றாலும், அப்படித் திரும்பியிருந்தால் கருப்பையின் உட்சவ்வுக்குப் புரோஜெஸ்டோஜனின் காவல் அன்றிலிருந்து மறுபடியும் தேவைப்படுகிறது.